ஒன்பதாம் எண் சிக்னல்

நான் சண்டைக்காரன் இல்லை, சார். ஆபீசில் ஏசியைக் கூட்டுவதா குறைப்பதா என்ற தகராறில்கூட நான் தலையிட்டதில்லை.

பொன்முடியில் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே மண் நகர்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. சரிவில் புதைத்த கருவிகள் அனுப்பும் அளவுகள் ஒரு கோப்பில் சேரும். ஆபத்தென்றால் திருவனந்தபுரத்தில் எங்கள் கணினியில் ஓடும் புரோகிராம் லயத்து ஃபோன்களுக்கெல்லாம் செய்தி அனுப்பும். அதை எழுதியவன் உச்சிமாகாளி. அவன் அம்மா விஜயம் அந்த லயத்தில்தான் இருந்தார்.

அந்த மாதம் இரண்டு தடவை வீண் எச்சரிக்கை. மழையில் குழந்தை குட்டியோடு இறங்கி வந்தவர்கள் என்னைத்தான் திட்டினார்கள். வியாழக்கிழமை தங்கை ஸ்ரீலக்ஷ்மிக்கு நிச்சயதார்த்தம். அன்றாவது யாரும் கூப்பிட வேண்டாமே என்று கன்ட்ரோல்-இசட் அடித்துப் புரோகிராமைத் தூங்க வைத்தேன். கொல்லவில்லை. மறுநாள் எழுப்ப மறந்துபோனேன்.

சனிக்கிழமை காலை, லீவில் இருந்த உச்சிமாகாளி கூப்பிட்டான்.

"வினய், புரோகிராம் அனக்கமே இல்லையே, ஒரு செய்தியும் வரல்லியே. அங்க நல்ல மழையாக்கும். டெர்ம் சிக்னல் குடுத்துட்டுப் புதுசா ஓட்டு, கேட்டோ. நின்னு கெடந்தாலும் ஷெல்லு எழுப்பி விட்டுரும். விட்டுப்போன செய்தியெல்லாம் அனுப்பிட்டுத்தான் சாவும்."

அவன் சொன்னது சரி. தூங்கும் புரோகிராமுக்கு 'முடி' என்ற சிக்னல் உறைக்காது. அதனால் நாம் தரும் கட்டளைகளை வாங்கிச் செய்யும் ஷெல் பின்னாலேயே 'எழுந்திரு' என்ற சிக்னலையும் அனுப்பும். எழுந்தால் இரண்டு நாள் செய்திகளும் தேதி, நேரத்தோடு வெளியே போகும். யார் நிறுத்தியது என்று கேட்பார்கள்.

ஒன்பதாம் எண் சிக்னல் என்று ஒன்று உண்டு. அது எழுப்பாது, கடைசியாக எதையும் சொல்ல விடாது. அதைக் கொடுத்தேன். அளவுகள் இருந்த கோப்பையும் அழித்துவிட்டுப் புதிதாக ஓட்டினேன். புதிதாக ஓடும் புரோகிராம் ஆறு மணி நேர அளவுகளைச் சேர்த்த பிறகுதான் வாய் திறக்கும். மண் நான்கு மணி நேரத்தில் வந்துவிட்டது. பதினொரு பேர், சார்.

தெரியாமல் நடந்தது என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். அது பொய். அழிப்பதற்கு முன் கோப்பைத் திறந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்தே மண் நகர்ந்துகொண்டிருந்தது.

பார்த்த பிறகுதான் உச்சிமாகாளியைக் கூப்பிட்டேன். "எல்லாம் சரியாயிடுத்துடா. பயப்பட வேண்டாம்னு அம்மாட்ட சொல்லு" என்றேன். கீழே இறங்கத் துணிமணியைக் கட்டி வைத்திருந்த விஜயம், மகன் சொன்னதைக் கேட்டு அங்கேயே இருந்துவிட்டார்.