ஸ்டோருக்கு மேல் ஒரு சினிமா அறை

வீட்டுக்குள் சினிமா அறை கட்டுகிறவர்கள் திரை எத்தனை அடி, ஸ்பீக்கர் எத்தனை என்றுதான் முதலில் கேட்பார்கள். காற்று எந்த வழியாக வரும் என்று யாரும் கேட்பதில்லை. என் தம்பியும் கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள், சார். அதனால் சொல்கிறேன்.

போடிமெட்டுக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். அங்கேயே வீடு கட்ட அப்பா முடிவு செய்தபோது பிளான் போட்டது நான். சிவில் படித்தவள், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியவள். கீழே ஸ்டோர், அதாவது பச்சைக் காயை விறகடுப்பின் சூட்டில் காயவைக்கும் கூடம். மேலே வீடு. கிழக்கு ஓரத்தில் பத்துக்குப் பன்னிரண்டில் எனக்கொரு அறை, சன்னலோரம் மேசை. உரமூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தவள் நான். அந்த ஓர் அறையைத் தவிர வீட்டாரிடம் எதுவும் கேட்டதில்லை.

சுவர் எழும்பிய வாரம் தம்பி அருள்பாண்டி அதை ஹோம் தியேட்டர் ஆக்கச் சொன்னான்.

"நீ நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போறவ. ஒனக்கெதுக்கு ஆத்தா தனி ரூம்பு?" என்றார் அப்பா. பாசமாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது.

"இஞ்சினியரம்மா, சன்னலை அடைச்சிருங்க. வெளிச்சமும் வரக் கூடாது, சத்தமும் போகக் கூடாது" என்றான் தம்பி.

ஸ்டோர் அடுப்பின் புகைக்குழாய் அந்த அறையின் பின்சுவர் வழியாகத்தான் மேலே போகிறது, காற்றுக்கு வழி விட வேண்டும் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவன் கொட்டாவி விட்டான்.

"படிச்சவளுக எல்லாத்துக்கும் ஒரு பாடம் எடுப்பாளுக. வெரசா முடி அக்கா, சோலி கெடக்கு."

நான்காவது தடவை நான் சொல்லவில்லை.

பூச்சு முடிந்த அன்று கொத்தனார் சோணை அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தாயி, பொகைக்கொழாய் சேருற எடத்துல வெடிப்பு விட்டிருக்கு. மாத்திட்டுப் பலகை அடிப்போம்."

"நான் பாத்துக்கிறேண்ணே. நீங்க அடிங்க."

பார்த்துக்கொண்டேன் என்பது பொய்யில்லை. வெடிப்பின் மேலேயே பலகை அடித்து, பஞ்சு திணித்து, துணி ஒட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வேலை சுத்தம். தம்பிகூட முதல் முறையாகப் பாராட்டினான்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முதல் படம் போட்டான். படம் ஓடும்போது எவரும் கதவைத் திறக்கக் கூடாது என்று அவனேதான் உத்தரவு போட்டான். அப்பா உள்ளே போவார் என்று நான் நினைக்கவில்லை. படம் என்றால் அவருக்குத் தூக்கம் வரும். மழை என்பதால் போனார். என்னைக் கடக்கும்போது, "நீயும் வா ஆத்தா" என்றார். எனக்கு ஸ்டோரில் வேலை இருக்கிறது என்றேன்.

இருந்தது. காய் சூட்டில் ஏறிப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. நடுவில் தீயை அணைய விட்டால் பச்சை நிறம் போய்விடும், ஏலத்தில் எவனும் சீந்த மாட்டான். அதனால் விறகு வைத்தேன். மூன்று முறை.

புகைவாசம் தெரிந்திருக்குமே என்கிறீர்கள். சீசனில் எங்கள் சட்டையிலும் சோற்றிலும் அந்த வாசம்தான். ஸ்டோருக்கு மேல் குடியிருப்பவர்கள் அதற்காக எழுந்து போக மாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

கதவைத் திறந்திருக்கலாம். பூட்டவில்லை, சாத்தித்தான் இருந்தது. இரண்டு மணி நேரம் கீழே நின்று சத்தம் ஏதாவது வருகிறதா என்று காது கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. அந்த அளவுக்கு நன்றாகக் கட்டியிருந்தேன்.

இரண்டு பேரையும் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஓர் அறைக்காகச் செய்தேன் என்று பக்கத்துத் தோட்டத்தில் பேசுகிறார்களாம், அதை மட்டும் எழுதாதீர்கள். அவ்வளவு அற்பமானவள் இல்லை நான். சொல்வதைக் காதில் வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அம்மா அந்த அறையை இடிக்கச் சொல்கிறாளாம். வேண்டாம் என்று சொல்லுங்கள், சார். பலகையைப் பிரித்து, கிழக்கே சன்னலைத் திறந்துவிட்டால் போதும். மேசை போட நான் விட்ட இடம் அளவு மாறாமல் அப்படியே இருக்கிறது.