மேல வீதியில் மாப்பிள்ளை வீடு

"தெரு ரொம்பப் பிடிச்சுப்போச்சு," என்று முன் இருக்கைக்காரர் சொன்னபோதுதான் காது கொடுத்தேன். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்து. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டுத் திரும்பும் தம்பதி என்பது அடுத்த பேச்சிலேயே தெரிந்தது.

"தெருவுக்கா பொண்ணைக் குடுக்கப் போறோம்?" என்றார் மனைவி.

"அதில்ல. ரெண்டு எட்டு வச்சா அரண்மனை. உள்ள அவ்வளவு சிலை, பழைய ஓவியம். சாயங்காலம் காத்தாட உக்கார சிவகங்கைப் பூங்கா."

"மணவறையில அரண்மனையையா உக்கார வைப்பீங்க? நான் அங்க பொம்பளைங்களோட கேசரி தின்னுக்கிட்டிருந்தேன், நீங்க ஊர் சுத்திட்டு வந்திருக்கீங்க. பையன் எப்படி, அதச் சொல்லுங்க."

"அவருதான கூட்டிட்டுப் போனாரு."

"என்ன பேசினாரு?"

"அதிகமா ஒண்ணும் பேசல." அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "முட்டி வலின்னு நான் வாயே தொறக்கல. அவரா பாத்துட்டு, ஒவ்வொரு சிலைக்கிட்டயும் நின்னு நின்னு காட்டினாரு. படி வந்தா மட்டும் கையப் பிடிச்சுக்கிட்டாரு."

பாபநாசம் நெருங்கும்போது அந்த அம்மாள் கைபேசியில் மகளைக் கூப்பிட்டார்.

"வித்யா, அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். நீயும் ஒரு தடவ பேசிப் பாரு... எதைப் பிடிச்சிருக்கா? பையனைத்தான்னு நினைக்கிறேன்."