கை எட்டாத இடத்தில் உண்ணி

— கதவைச் சாத்தாதீங்க. சண்டைக்கு வரல. முதுகுல உண்ணி கடிச்சுட்டுக் கெடக்குது, கை எட்ட மாட்டீங்குது. அவ்வளவுதான்.

— ஆராயிக்கா! நீங்களா? பனியில ஆளே தெரியலீங்க. உள்ள வாங்க.

— இங்கயே நிக்கறேன். சக்களத்தி ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணவ நானு.

— அது அவரு உசுரோட இருந்தப்பங்க. ரோட்டப் பாத்து நின்னுட்டா ரவிக்கையக் கழட்டுவீங்க? வாங்கக்கா.

— பக்கத்து ஊட்டு மலரு இருந்திருந்தா இங்க வந்திருக்க மாட்டேன், சுதாராணி. அவ வாழவந்திக்குப் போயிட்டா.

— அதனால என்னங்க. உள்ள வந்துட்டீங்களே, அது போதும். எப்பப் புடிச்சுது?

— காபிப் பழம் பறிக்கறப்ப ஏறியிருக்கும். குளிக்கறப்பக் கடுகாட்டம் தட்டுப்பட்டுச்சு. இன்னிக்கு மொளகாட்டம் ஆயிருச்சு. கண்ணாடியில தெரியுது, கைதான் போகல. கடைசியில மாடாட்டம் செவுத்துல ஒரசிப் பாத்தேன்.

— ஐயோ, ஒரசக் கூடாதுங்க! நசுங்குனா அது வயித்துல இருக்கறது நம்ம ஒடம்புல எறங்கிரும். திரும்பி உக்காருங்க, செல்லுல வெளிச்சம் அடிக்கறேன். ஆமாங்க, நொம்ப ரத்தம் குடிச்சிருக்குது.

— மண்ணெண்ணெய் ஒரு சொட்டு உடுங்க. இல்லாட்டி ஊதுபத்தியில சுடுங்க.

— சுட்டா இன்னும் கக்குமுங்க. போன மழையில எனக்குத் தொடையில புடிச்சப்ப நர்ஸம்மா சொன்னாங்க. சன்னமான முள்வாங்கி போதும். வயித்தப் புடிக்காம, தோலோட ஒட்டித் தலையப் புடிக்கோணும். திருகாம, நேரா, மெதுவா இழுக்கோணும். அசையாதீங்க.

— இன்னும் என்ன பாத்துட்டு இருக்கறீங்க?

— உங்களத் தொடறது இதுதானுங்களே மொதத் தடவ.

— அவரு பொணத்துகிட்ட ஒண்ணா உக்காந்திருந்தோமே, அப்பக்கூடத் தொட்டுக்கல.

— நீங்க தலமாட்டுல. நான் கால்மாட்டுல. என்னைய அங்க உக்கார உட்டதே பெருசுங்கக்கா.

— நான் ஒண்ணும் உடல. வெரட்டத் தெம்பில்ல.

— மூச்சப் புடிச்சுக்கங்க... வந்துருச்சு! தலையோட முழுசா வந்துருச்சுங்க. பாருங்க, காலு இன்னும் ஆடுது.

— காட்டாத புள்ள, மேலெல்லாம் கூசுது.

— சோப்புத் தண்ணியில கழுவி, டெட்டால் வெக்கறேன். இத நகத்துல நசுக்காம டேப்புல ஒட்டிப் போட்டர்றேன். கொஞ்ச நாளைக்கு ஒடம்பப் பாத்துக்கங்க. காச்சல், தலவலி வந்தாலோ, கடிச்ச எடம் செவந்து பரவுனாலோ ஆஸ்பத்திரிக்குப் போயி, உண்ணி கடிச்சுதுன்னு மறக்காமச் சொல்லோணும்.

— காச்சலுன்னு தொட்டுப் பாக்க ஆரு இருக்கறா எனக்கு?

— எனக்குப் போன் பண்ணுங்க.

— உன்ர நெம்பர நான் எதுக்கு வெச்சிருக்கப் போறேன்?

— உங்க நெம்பரு எங்கிட்ட இருக்குதுங்க. அவரு போன்ல இருந்துச்சு. ரெண்டு மூணு தடவ கூப்புட்டேன்.

— கூப்புட்டியா? பேசாம வெச்சிர்ற போனு... அது நீயா? லோன் குடுக்கற கம்பெனிக்காரன்னு நெனச்சு வாயில வந்தபடி திட்டுனனே!

— திட்டுனீங்க. பரவால்லீங்க. அன்னிக்குப் பூராவும் எங்கூடப் பேசுன ஒரே ஆளு நீங்கதான்.

— உனக்கென்ன கேடு? மக இருக்கறாளே.

— திருப்பூருக்குப் போயி அங்கயே கல்யாணம் பண்ணிட்டா. இந்தக் காட்டுல பஸ்ஸுக்குக் காத்துட்டு நிக்க முடியாதாம். வர்றதில்லீங்க.

— செரி, அந்த ரவிக்கைய எடு. போட்டுக்கறேன்.

— எந்திரிச்சுட்டீங்களே. ஒரு வாயி காபி குடிச்சுட்டுப் போங்க. இல்ல, இந்த ஊட்டுல குடிக்க மாட்டீங்களா?

— காபிய அப்பறம் வெய்யி. அந்தச் செல்லக் குடு, நீ திரும்பி உக்காரு புள்ள. உன்ர முதுகப் பாக்கறதுக்கும்தான் ஆரு இருக்கறா?