வெள்ளிக்கிழமை அலசிய மணல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு அழுக்கைக் கண்டால் அருவருப்பே இல்லை. பாசி படிந்த தொட்டியைக் காட்டி, அதுதான் சுத்தம் என்று படித்தவனே சொல்கிறான். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள்.

குமாரபாளையத்தில் எங்கள் தறிக்காரர் குடியிருப்புக்கு அறுபத்திரண்டில் மணல் தொட்டி கட்டினார்கள். காவிரித் தண்ணீர் மேலே விழுந்து, மணலில் இறங்கி, அடிக்குழாய் வழியாக நாற்பது வீட்டுக்கும் போகும். தொட்டிக்குக் காவல் நான். அதைக் கட்டிய ஓவர்சியர் பாலசுந்தரத்துக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"பெரியவரே, மணல் மேல வழவழன்னு ஒரு ஏடு கட்டுமுங்க. அதுல இருக்கற உசுருங்கதான் சீக்குக் கிருமியத் திங்கும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மேலாக வழிச்சாப் போதும். அடிக்கடி கை வெச்சுராதீங்க."

"ஏனுங்க, உங்க ஊட்டுச் சோத்துச் சட்டியவும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்காத்தான் கழுவுவாங்களா?"

சிரித்தான். நானும் சிரித்தேன்.

சாயப்பட்டறையில் முப்பது வருஷம் நூல் அலசியவன் நான். அலசுகிற தண்ணீர் தெளிந்து ஓடும்வரை கையை எடுக்க மாட்டோம். அதே மாதிரி வெள்ளிக்கிழமைதோறும் தொட்டியில் இறங்கி மணலை அடிவரை அலசினேன்.

"செங்கோடண்ணா, தண்ணி கண்ணாடியாட்டம் வருதுங்க" என்று பக்கத்து வீட்டு ராமாத்தாள் குடத்தைத் தூக்கிக் காட்டுவாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

ஆடியில் ஆற்றில் புதுத்தண்ணீர் வந்தது. குடியிருப்பில் வாந்திபேதி கண்டு மூன்று பேர் போனார்கள். பாலசுந்தரம் சைக்கிளில் ஓடி வந்து தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தான். ஏடு இல்லை, வெறும் மணல்தான் கையில் வந்தது.

"அலசுனீங்களா?"

"இல்லீங்க சாமி."

"மறுபடி ஏடு கட்டறவரைக்கும் யாரும் தொட்டியத் தொடக் கூடாது. தண்ணியக் கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும்னு ஊடு ஊடாப் போய்ச் சொல்லிருங்க. நான் மருந்து வாங்கப் போறேன்."

அவன் சைக்கிள் பாலம் தாண்டியதும் தொட்டியில் இறங்கினேன். அன்றிலிருந்து தினமும் அலசினேன். வீடு வீடாகப் போகவில்லை. தெளிந்த தண்ணீருக்கு எதற்கு விறகு? என் வீட்டில் மட்டும் கொதிக்கவைத்துக் குடித்தோம். அது முத்தாயம்மாளின் பயத்துக்காக. பெண்டாட்டி பேச்சையும் கேட்க வேண்டுமல்லவா?

இன்னும் நாலு பேர் போனார்கள். கடைசியாக ராமாத்தாளின் மகள், இரண்டு வயசு. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அவன் சொன்னது என் காதில் நன்றாகத்தான் விழுந்தது.

விசாரணையில் ஆற்று வெள்ளத்தின் மேல் பழி போட்டு எழுதினார்கள். காவலுக்கு வேறு ஆள் வந்தான்.

அடுத்த ஆடியில் பாலசுந்தரம் என்னைத் தொட்டிக்கரைக்குக் கூட்டிப்போனான். மணல்மேல் பச்சையும் பழுப்புமாக ஏடு.

"ஒருத்தரும் தொடறதில்லீங்க. இந்த வருசம் ஒருத்தருக்கும் ஒண்ணுமில்லீங்க. இப்பவாச்சும் ஒத்துக்குவீங்களா?"

"இந்த வருசம் ஆத்துத்தண்ணி நல்ல தண்ணிங்க" என்றேன்.

"ஏழு உசுருங்க, பெரியவரே."

"எனக்கும் எண்ணத் தெரியுமுங்க."

நான் ஏட்டையே பார்த்தேன். ஒரு மண்வெட்டியும் நாலு வாளித் தண்ணீரும் இருந்தால் அதை அலசிவிட அரைநாள் வேலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.