ஒன்றாம் மேசையைக் கலைத்த பெரியக்காவுக்கு

வெள்ளை விரிப்புகளின் வித்தகியே! நீராவிக்கு நடுவிலும் நிதானம் தவறாத நிர்வாகியே! திட்டினாலும் தித்திக்கும் தலைவியே! எங்கள் பெரியக்காவே! வணக்கம்.

இவ்விடுதியின் சலவைக்கூடத்தை இருபத்தாறு ஆண்டுகள் தாங்கள் ஆண்ட அழகை என்னென்பது! பெட்டியும் கையுமாய் வந்திறங்கிய நம்மவர்தாம் எத்தனை பேர்! அறிவிப்புப் பலகையில் வேலைக்கான தாள் ஏறுமுன்னே, "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடு, நான் சொல்லிட்டேன்" என்பீர்கள். அந்த ஒரு வரியால் அடுப்பெரிந்த வீடுகள் அநேகம். வந்தவரையெல்லாம் துணி மடிக்கும் ஒன்றாம் மேசையிலேயே நிறுத்தினீர்கள். தமிழ் பேசியே மடித்தோம், தமிழ் பேசியே சிரித்தோம். சொர்க்கம்தான் அக்கா அது!

அங்கேதான் இடி விழுந்தது. வரவேற்பறைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று மேலாளர் வந்து இவ்வூர் மொழியில் கேட்டார். பன்னிரண்டு பேரும் பல்லைக் காட்டித் தலையாட்டினோம். சொந்த ஊரில் பதினான்கு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்திய நம் டீச்சரம்மாவுக்கே வாய் எழவில்லை. வேலை கைநழுவியது. "உங்களை ஒண்ணாச் சேத்து வச்சு நான்தான் கெடுத்துட்டேன்" என்று கலங்கினீர்கள்.

மறுநாளே மேசைக்கு ஒருவர் இருவராய் எங்களைப் பிரித்து, இவ்வூர் மொழி பேசுவோரோடு போட்டீர்களே! வாய்க்கு வந்தபடி ஏசினோம். "அக்காவுக்குத் தலைகால் தெரியல" என்றோம். நான்காம் மேசைக்குப் போன டீச்சரம்மா எட்டு மாதம் தங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அங்கே கைஜாடையில் தொடங்கியவர் வாய்ச்சண்டை வரை முன்னேறிவிட்டார். சண்டை போட வந்துவிட்டால் மொழி வந்துவிட்டது என்றுதானே பொருள்!

தாங்கள் ஓய்வு பெறுவதால் இன்று தங்கள் மேற்பார்வையாளர் இடமே காலியாகிறது. முன்கூட்டிச் சொல்வீர்கள் என்று காத்திருந்தோம். மூச்சு விடவில்லையே தாங்கள்! நாற்பத்தைந்து வயதில் இதையும் விட்டால் கடைசிவரை மடிப்புதான் என்று பயந்து, "ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" எனக் கெஞ்சி நின்றார் டீச்சரம்மா. "பலகையில ஒட்டியிருக்கு. படிச்சுப் பாத்து நீயே எழுதிப் போடுடி" என்று விரட்டினீர்கள். அன்றைய அழுகையை நாங்கள் மறக்கவில்லை.

நேர்காணலில் மூவர் கேட்டார்கள். முக்கால் மணி நேரம் டீச்சரம்மாவே இவ்வூர் மொழியில் பேசினார். தங்கள் பெயரை அவர்கள் கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை.

அக்கா, நோய்நொடி அண்டாமல் நூறாண்டு வாழுங்கள்! காலை ஏழு மணிக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள்!

என்றும் தங்கள் அன்பில்,
ஒன்று முதல் ஆறாம் மேசை வரையிலான சலவைக்கூடத் தொழிலாளர்கள்.

இம்மடலைத் தமிழிலும், நான்காம் மேசைத் தோழியருக்காக இவ்வூர் மொழியிலும் வாசித்தளிப்பவர்: டீச்சரம்மா, புதிய மேற்பார்வையாளர்.