கூட வந்தவர்கள் வெளியே உட்காரவும்

— இருங்க ஐயா, ஒரு நிமிஷம். இப்ப என்ன சொன்னீங்க? சீப்பா?

— ஆமா டாக்டரம்மா. காலைல சீப்பைக் கையில எடுத்துக்கிட்டு அப்படியே கட்டில் ஓரத்துல உட்கார்ந்திடுறேன். தலை வாரணும்னு நினைச்சாலே மலைப்பா இருக்கு.

— நான் டாக்டர் இல்லன்னு எத்தனை தடவை சொல்றது? மனசு விட்டுப் பேச வைக்கிறதுக்குப் படிச்சவ, அவ்வளவுதான். அது போகட்டும். தப்பா எடுத்துக்காதீங்க ஐயா... உங்க தலையில வாரறதுக்கு என்ன இருக்கு?

— அட! ஆமால்ல.

— சிரிக்கிறீங்க?

— மாட்டிக்கிட்டேன்ல, அதான். கல்யாணத்துக்கு மறு வருஷமே கொட்டிப் போச்சு. பாருங்க, சொந்த மண்டையே மறந்துபோற அளவுக்கு ஆயிடுச்சு நிலைமை.

— போன வாரம், குக்கர் மூடியைப் பிடிச்சுக்கிட்டு அடுப்பு முன்னாடி நின்னு அழுதேன்னீங்க. முதல் நாள் வந்தப்போ, அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லன்னு பெருமையாச் சொன்னவரும் நீங்கதான். வயசாச்சு, மறந்திருப்பார்னு விட்டுட்டேன். உண்மையைச் சொல்லுங்க. யாரோட சீப்பு அது?

— மெதுவாப் பேசுங்க டாக்டரம்மா. வெளிய நாற்காலில உட்கார்ந்திருக்கா.

— உங்க வீட்டுக்காரம்மாவா?

— அவளேதான். பாருங்க, அவ கணக்கு டீச்சர். அதட்டினா அடுத்த வகுப்புப் பசங்களும் எழுந்து நிப்பாங்க. ரிட்டயர் ஆனப்போகூட நல்லாத்தான் இருந்தா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா... யாரும் சாகல, யாரோடயும் சண்டை இல்ல, மகன் தூரத்துல இருந்தாலும் தவறாம போன் பண்றான். ஒரு காரணம் இருந்தாலாவது அதைப் பிடிச்சுத் திட்டலாம். ஒண்ணும் கிடையாது. சீப்பை எடுப்பா, உட்கார்ந்திடுவா. நான்தான் போய் வாரிவிடுறேன். எனக்குப் பின்னத் தெரியுமா? கண்டபடி இழுக்கிறேன். முன்னாடின்னா கையிலேயே ஒண்ணு போட்டிருப்பா. இப்ப ‘ஆ’ன்னுகூடச் சொல்ல மாட்டேங்கிறா.

— அவங்களையே இங்க கூட்டிட்டு வந்திருக்கலாமே?

— கூப்பிடாமலா? ‘எனக்கென்ன பைத்தியமா’ன்னு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவதான். சாப்பாடு வச்ச தட்டு வச்சபடி இருந்துச்சு. எனக்கு என்ன தோணுச்சோ, ‘எனக்குத்தாண்டி மனசு சரியில்ல, தனியாப் போகப் பயமா இருக்கு’ன்னு சும்மா சொல்லிப் பார்த்தேன். பாருங்க, சடார்னு எழுந்துட்டா! குளிச்சு, நல்ல துணி உடுத்தி, எனக்குச் சட்டைப் பட்டன் வரைக்கும் போட்டுவிட்டா. இன்னைக்கு வரைக்கும் இங்க வர்ற நாள்ல மட்டும் எனக்கு முன்னாடி எழுந்திடுறா.

— அதனால அவங்களுக்கு இருக்கிறதையெல்லாம் உங்களுக்கு இருக்கிற மாதிரி என்கிட்ட சொல்லி...

— நீங்க சொல்றதைக் கொண்டுபோய் அங்க சேர்த்திடுறேன். சாயங்காலம் நடங்கன்னீங்க. ‘தனியா நடந்தா தலை சுத்துதுடி’ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறேன். பழைய சிநேகிதங்ககிட்ட பேசுங்கன்னீங்க. அவகூட வேலை பார்த்த டீச்சருக்குப் போன் போட்டு, ‘என் உடம்பைப் பத்தி விசாரிக்கிறாங்க, நீயே சொல்லு’ன்னு அவ காதுல வச்சுட்டேன். நாலு வார்த்தை பேசினா. சத்தியமா, நாலு வார்த்தை பேசினா!

— கெட்டிக்காரர்தான். ஆனா ஐயா...

— நான் லிஃப்ட் மெக்கானிக், டாக்டரம்மா. உள்ள ஆள் மாட்டிக்கிட்டா ஒருத்தன் மேல போய் மோட்டாரைப் பார்ப்பான். இன்னொருத்தன் கதவுக்கு வெளிய நின்னு பேசிக்கிட்டே இருக்கணும். ‘எந்த மாடிக்குப் போகணும், வீட்ல யார் யார் இருக்காங்க, இதோ ஆச்சு, இதோ ஆச்சு’ன்னு. பேச்சு நின்னா உள்ள இருக்கிறவங்களுக்கு மூச்சு முட்டிடும். நான் வெளிய நின்னு பேசுற ஆளு. மேல நீங்க பார்த்துக்குவீங்கன்னு இருந்துட்டேன்.

— நான் மேலயும் இல்லையே ஐயா. அவங்க முகத்தைக்கூட சரியாப் பார்த்ததில்ல. நீங்க வந்து சொல்றதெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சது. உங்ககிட்ட அவங்க சொல்லாம வச்சிருக்கிறது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்குப் பயமே அதுலதான்.

— உண்மை தெரிஞ்சா அந்த நாற்காலிலகூட இனிமே உட்கார மாட்டா. எனக்கு வேற வழி தெரியல டாக்டரம்மா. எந்தப் பொருள் கெட்டாலும் பிரிச்சுப் பார்த்துச் சரி பண்ணிடுவேன். இவகிட்ட எங்க கை வைக்கிறதுன்னே தெரியல.

— அழாதீங்க. இந்தாங்க, முகத்தைத் துடைச்சுக்குங்க. பக்குவமாச் சொல்லிடலாம், நான் இருக்கேன்ல. தள்ளிப் போட வேண்டாம், இன்னைக்கே சொல்லிடுவோம். கூப்பிடட்டுமா?

— நீங்களே ஆரம்பிங்க. எனக்கு வாய் வராது.

— அம்மா! கொஞ்சம் உள்ள வர்றீங்களா?

— என்ன ஆச்சு? இவருக்கு மயக்கம் கியக்கம்...

— ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கார். உட்காருங்க.

— கூட வந்தவங்க வெளியே உட்காரணும்னு கதவுல ஒட்டியிருக்கீங்களே.

— இன்னைக்குப் பரவாயில்ல. ஐயா உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு...

— அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேட்டுக்கிறேன். என்னமோ, ரொம்ப நாளாக் கேட்கணும்னு இருந்தேன். இவருக்கு எப்போ முழுசா குணமாகும்?

— ஏன் கேட்கிறீங்கம்மா?

— முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை. நேத்து நடக்கிறப்போ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கிட்டு வந்தார். ராத்திரி நல்லா குறட்டை விட்டுத் தூங்குறார். நான் முழிச்சுத்தானே இருக்கேன், கேட்டுக்கிட்டே கிடப்பேன்.

— அப்போ உங்களுக்குச் சந்தோஷம்தானே?

— சந்தோஷமா... என்னமோ, அதெல்லாம் தெரியலங்க. நான் எப்பவோ போயிருக்க வேண்டியவ. அந்த நேரம் பார்த்து இவர் வந்து பயமா இருக்குன்னு நின்னார். பச்சப்புள்ள மாதிரி. இவரை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது? சரி, தேறட்டும்னு நாளைத் தள்ளிக்கிட்டு வர்றேன்.

— அம்மா, போறதுன்னா... சாகிறதையா சொல்றீங்க?

— பின்ன, ஊருக்கா? பதறாதீங்க. இவர் தேறுற வரைக்கும் இருப்பேன், அது என் கடமை. அதுக்கப்புறம் என்னை யாரும் எழுப்ப வேண்டாம். அதான் கேட்டேன், இன்னும் எத்தனை வாரம் வரணும்?

— அம்மா, என்னைப் பாருங்க...

— அது கிடக்கட்டும். இவர் ஏதோ சொல்லணும்னு சொன்னீங்களே. என்னங்க, என்ன சொல்லணும்? ஏன் முகம் இப்படி வெளுத்துப் போச்சு?

— ஒண்ணும் இல்லடி... எனக்கு இன்னும் சரியாகல. கொஞ்சம்கூடச் சரியாகல. டாக்டரம்மா, நீங்களாவது சொல்லுங்க இவகிட்ட.