மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை

இந்த அறைக்கு இரண்டு டியூப் லைட் அதிகம், ஐயா. ஜன்னல் பக்கம் இருப்பதை அணைத்துவிட்டாலும் நீங்கள் எழுதுவதற்கு வெளிச்சம் குறையாது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய் மின்மீட்டர் பார்த்து எழுதியவன் நான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் கண் முதலில் மேலேதான் போகும்.

எத்தனை வீடுகளைப் பார்த்திருப்பேன். கூடத்தில் ஒரு ஈ காக்கா இருக்காது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். ஏசியைப் போட்டுவிட்டுக் கம்பளி போர்த்திப் படுப்பார்கள். பில் வந்ததும் என்னைப் பிடித்துக்கொள்வார்கள், ஏதோ நான் வாசலில் நின்று அவர்கள் மின்சாரத்தைக் குடித்துவிட்ட மாதிரி. கட்டாதவர்கள் வீட்டில் ஃபியூஸைப் பிடுங்குவதும் சில வருடம் என் வேலையாக இருந்தது. பிடுங்கியதும் வீடு முழுக்க ஒரு சத்தம் நிற்கும். அப்படி ஒரு சத்தம் இருந்ததே, நின்ற பிறகுதான் தெரியும். வாசலில் நிற்கும் பெண்கள் என் கையைப் பார்ப்பார்கள். நம் வீட்டுக்கும் ஒருநாள் இந்த நிலை வந்துவிடுமோ என்ற பயம் அப்போதே எனக்குள் புகுந்துவிட்டது. ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். பயம்தான். மச்சான்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பஸ் டிரைவராக இருந்தவர். அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்து, எனக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்துவிட்டார். எங்கள் வீட்டு மாடி அறை அவர் ஓய்வுப் பணத்தில் எழுந்தது. போன வருடம் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. அந்த அறையிலேயே படுத்தார். மேலே வெறும் கான்கிரீட் தளம். கோடையில் சுவரில் கை வைத்தால் சுடும். "இவருக்கு உடம்புல சூடு ஏறவே கூடாது. ஏசி ஓடிக்கிட்டே இருக்கட்டும்" என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கென்ன.

என் மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறாள். காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்ததால் மச்சான் என் பொறுப்பு. உடம்பு துடைத்தேன், சோறு ஊட்டினேன், மலம் மூத்திரம் எடுத்தேன். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கோடை தொடங்கிய பிறகு முதல் பில் இரண்டு மடங்காக வந்தது. அதற்குள் கட்டணத்தையும் உயர்த்திவிட்டார்கள். அடுத்தது இன்னும் ஏறியது. "பரவாயில்லைங்க, அண்ணனுக்குத்தானே" என்றாள் மனைவி. அவள் சம்பளத்தில் சமாளிக்கவும் முடிந்தது. ஒரு தடவைகூட நாங்கள் கெடு தவறியதில்லை. ஆனால் மாடிப்படிக்குக் கீழே எங்கள் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு உண்டு. விசிறி மட்டும் ஓடினால் நிதானமாக மினுக்கும். ஏசி ஓடினால் படபடவென்று அடித்துக்கொள்ளும். நான் அதற்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார ஆரம்பித்தேன். அது வேகம் பிடித்தால் எனக்கு உள்ளங்கை சில்லிட்டுப் போகும். அந்த வெயிலிலும்.

மாடி அறைக்கு மீட்டர் பலகையிலேயே தனி சுவிட்ச் இருந்தது. ஒரு மதியம் அதைக் கீழே இறக்கினேன். பத்து நிமிடம்தான். விளக்கு நிதானத்துக்கு வந்தது, எனக்கும் மூச்சு சீரானது. மேலே போய், "கரண்ட் போயிடுச்சு மச்சான்" என்றேன்.

"வந்துரும் மாப்பிள்ளை. நீங்க ஏன் இப்படி வேர்த்து நிக்கிறீங்க, உட்காருங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

பத்து நிமிடம் அரை மணி ஆனது. அப்புறம் ஒரு மணி. கடைசியில் ஒன்றிலிருந்து நான்கு வரை என்று வைத்துக்கொண்டேன். நேரம் ஒழுங்காக இருந்தால் உடம்பும் பழகிவிடும் அல்லவா. நெற்றியில் ஈரத்துணி போட்டேன். "நான் ஓட்டின டவுன் பஸ்கூட இத்தனை இடத்துல நிக்காது மாப்பிள்ளை" என்று மச்சான் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை மனைவி வீட்டில் இருப்பாள், அன்று மட்டும் கரண்ட் போகாது. "கரண்ட் ஆபீசுக்கும் ஞாயித்துக்கிழமை லீவு போல" என்று அவளும் சிரித்தாள்.

ஒருநாள் மச்சான் சிரிக்கவில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதிர் வீட்டுல ஃபேன் சுத்துதே, மாப்பிள்ளை."

"அவங்களுக்கு வேற லைன், மச்சான்."

"வேற லைனா" என்றார். பிறகு நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். எத்தனையோ வருடம் ஸ்டீயரிங் பிடித்த கை. "மதியம் ஆனாலே எனக்குப் பயமா இருக்கு. தங்கச்சிகிட்ட சொல்லல. சொன்னா வேலைய விட்டுட்டு வந்து என் பக்கத்துல உட்கார்ந்துருவா. நீங்க பார்த்து ஏதாவது பண்ணுங்க, மாப்பிள்ளை."

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அன்று மாலை மனைவி மாடி ஏறியபோது நானும் பின்னாலேயே போனேன். படியில் நின்று அவர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டேன். "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்றுதான் மச்சான் சொன்னார். மறுநாள் அந்த ஜன்னலுக்குக் கெட்டித் துணியில் திரை தைத்துப் போட்டேன். வெயில் உள்ளே வராமல் இருக்கத்தான்.

அந்த வாரம் வெயில் உச்சத்துக்குப் போனது. வெளியே வராதீர்கள் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தெருவில் ஒரு நாய் இல்லை. அன்று நான் பன்னிரண்டு மணிக்கே சுவிட்சை இறக்கினேன். வெயில் ஏற ஏற ஏசி அதிகமாக இழுக்கும். அந்த நேரத்தில் நிறுத்தினால்தான் மிச்சமும் அதிகம். இந்தத் தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆறு மணிக்கு மனைவி வந்து மேலே போனாள். அவள் கத்தவில்லை. "என்னங்க" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். அறை ஜில்லென்று இருந்தது. மச்சான் உடம்பு மட்டும் இன்னும் ஆறவில்லை. வெயில் தாக்கி இறந்தார் என்று டாக்டர் எழுதினார். அந்த வாரம் ஊரில் பலர் அப்படிப் போனார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை.

மனைவிதான் விடவில்லை. தினமும் மதியம் கரண்டை நிறுத்தி என் அண்ணனைக் கொன்றுவிட்டார்கள் என்று மின் அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். யாருக்கு அனுப்புவது என்று என்னிடம்தான் கேட்டாள். சொன்னேன். சொல்லாவிட்டால் சந்தேகம் வருமே. என்னிடம் வேலை பழகிய ஒருவர் கருவியோடு வந்து மீட்டரில் பதிவாகியிருந்ததை எடுத்துக்கொண்டு போனார். இப்போதைய மீட்டர் அரை மணிக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்கிறதாம். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த வசதி. போகும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து நாளில் பதில் வந்தது. அந்த மாதம் உங்கள் தெருவில் ஒருநாள்கூட மின்தடை இல்லை, உங்கள் வீட்டில் மட்டும் மதியம் உபயோகம் விழுந்திருக்கிறது என்று எந்தெந்த நேரம் என்பதோடு எழுதியிருந்தார்கள்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். "அண்ணன் கூப்பிட்டாராங்க?" என்று கேட்டாள். "இல்லம்மா, தூக்கத்துலேயே போயிட்டார்" என்றேன். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் போன் செய்தாள்.

உங்களிடம் மறைப்பானேன். கூப்பிட்டார். கட்டிலோரத்து அழைப்பு மணியும் அதே லைன் என்பதால் அடிக்கவில்லை. எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டினார். இரண்டு மணி இருக்கும். முதலில் விட்டு விட்டு, அப்புறம் விடாமல். நான் ஸ்டூலில் இருந்தேன். சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான். மூன்று மணிக்கு மாடிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. கண் திறந்திருந்தது. நாக்கு குழறியது.

"போடுங்க, மாப்பிள்ளை" என்றார். கரண்ட் வரவில்லையா என்று கேட்கவில்லை. போடுங்க என்றார்.

"நாலு மணிக்கு வந்துரும், மச்சான்" என்றேன். வீணாகக் களைத்துப் போவாரே என்று டம்ளரைக் கையிலிருந்து வாங்கி எட்டத்தில் வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு கீழே வந்தேன்.

நாலு மணிக்கு, சொன்ன சொல் தவறாமல், சுவிட்சைப் போட்டேன், ஐயா. ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. மேலே ஒரு சத்தமும் இல்லை. நன்றாகத் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.